முதுகை அளந்தீர்களா?

வணக்கம் அக்கா,

டிசம்பரில் தோழிகளோடு உத்தராகண்டில் இருக்கும் கேதார்காந்தா மலை ஏறப் போகிறேன். அதற்குப் பழகிக்கொள்ள நவம்பரில் இங்கே கர்நாடகத்தில் குமார பர்வதா மலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே முதுகுப்பையாக வாங்க ஆசை. 65 லிட்டர் பை ஒன்று தள்ளுபடியில் வருகிறது, பதினோரு பாக்கெட். என் உயரம் 5 அடி 1 அங்குலம், எடை 52 கிலோ. ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடலாமா?

செ., ராமமூர்த்தி நகர், பெங்களூரு

அன்புள்ள செ.,

போடாதீர்கள். உயரம், எடை, லிட்டர் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், பாக்கெட்டைக்கூட எண்ணிவிட்டீர்கள். முதலில் பார்க்க வேண்டிய அளவு மட்டும் கடிதத்தில் இல்லை: முதுகின் நீளம்.

வீட்டில் தையல் டேப் இருக்குமே. தலையைக் குனிந்து பின்கழுத்தைத் தடவினால் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு தட்டுப்படும். டேப்பின் நுனி அங்கே. அப்புறம் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் இரண்டு கைகளையும் வையுங்கள், கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே கோடு போட்டால் முதுகெலும்பில் எங்கே வருமோ, அதுவரை அளக்க வேண்டும். தனியாக முடியாது, யாரையாவது கூப்பிடுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு வேறாக இருக்கலாம்.

எனக்கு 41 செ.மீ. அது தெரியாமல் வாங்கிய முதல் பை என் முதுகைவிட நீளம். பாரத்தின் பெரும்பகுதி இடுப்புப் பட்டை வழியாக இடுப்பெலும்பில் இறங்க வேண்டும். தோள் வாருக்குப் பையைச் சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலைதான். குமார பர்வதாவில் கல் மண்டபம் தாண்டி, வழியில் வரும் சேஷ பர்வதா சிகரத்துக்கு ஏறும் புல்வெளியில், நிழலே கிடையாது, என் பட்டை கீழே கீழே சறுக்கிக்கொண்டே இருந்தது. மொத்த எடையும் தோளுக்கு வந்துவிட்டது. உச்சியில் தண்ணீர் பாட்டிலைத் திறக்கப் பார்த்தால் விரல்கள் மரத்துப்போயிருந்தன. வார் பதிந்த சிவப்புத் தடம் மறைய நான்கு நாள் ஆயிற்று. உங்களுக்கு அந்த வலி வேண்டாம்.

அதனால் கடைக்கு நேரில் போங்கள். காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்த்துப் பயனில்லை. ஏழெட்டு கிலோ உள்ளே வைக்கச் சொல்லுங்கள். முதலில் இடுப்புப் பட்டை, பிறகு தோள் வார், கடைசியில் நெஞ்சு வார். இருபது நிமிடம் நடங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள். தோளுக்கும் வாருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் அந்தப் பை உங்களுக்கு நீளம். முதுகுப் பகுதியை ஏற்றி இறக்கும் வசதியுள்ள பையும், பெண்களுக்கென்று தைத்த பையும் கிடைக்கின்றன. இரண்டையும் மாட்டிப் பாருங்கள்.

லிட்டர் விஷயம் எளிது. 52 கிலோ உடம்புக்குப் பல நாள் நடையில் 10 கிலோ சுமையே அதிகம், அதில் பையே 2 கிலோ தின்றுவிடும். 65 லிட்டர் வாங்கினால் இடம் இருக்கிறதே என்று எதையாவது திணிப்போம். கேதார்காந்தா 12,500 அடி, டிசம்பரில் பனி; கம்பளித் துணிகள் இடத்தை அடைக்கும். கூடாரமும் தூங்கும் பையும் அழைத்துப்போகிறவர்களே தருவார்கள் என்றால் 50 லிட்டர் தாராளம். 1712 மீட்டர் குமார பர்வதாவுக்கு 30 போதும்தான், ஆனால் நீங்கள் போவது பழக. அதே 50-ஐப் பக்கவார்களை இழுத்துச் சுருக்கி எடுத்துப்போங்கள்.

பாக்கெட் பதினொன்று வேண்டாம். மாட்டியபடியே கை எட்டுகிற பக்கப்பை ஒன்று, இடுப்புப் பட்டையில் ஒன்று, அது போதும். மழை உறை முதுகுப் பக்கத்தை மூடாது, அதனால் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள்.

கடைக்குப் போகும்போது கேதார்காந்தாவுக்கு எடுத்துவைத்திருக்கும் தடித்த ஜாக்கெட்டையும் கொண்டுபோங்கள். அங்கே அதற்கு மேல்தான் பையை மாட்டுவீர்கள். இடுப்புப் பட்டையின் நீளம் அதற்கும் போதுகிறதா என்று பார்க்க வேண்டும்.