மிடில் எர்த்தில் மாயம் மங்கியது ஏன்? – கேள்வி பதில்

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' உலகத்தைப் பற்றி வந்த கேள்விகள். ஆண்டுகள் மூன்றாம் யுகக் கணக்கு.

கே: இருள் வேந்தன் சௌரோன் ஒழிந்தது நல்லதுதானே, சாவில்லாத இனமான எல்ஃப்களின் சக்தி ஏன் மங்க வேண்டும்?

ப: இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சே இதுதான். எல்ஃப்களின் மூன்று மோதிரங்களை எல்ஃப் கொல்லன் கெலெப்ரிம்போர் தனியாகச் செய்தான். சௌரோனின் கை அவற்றில் படவில்லை. ஆனால் வித்தை அவனிடம் கற்றது. அதனால் அவையும் சௌரோன் தனக்கென்று செய்த தலைமை மோதிரத்துக்குக் கட்டுப்பட்டவை. அவற்றின் வேலை போர் செய்வதல்ல, வாடாமல் காப்பது. எல்ஃப்களின் காட்டு நாடான லோத்லோரியனில் காலமே நின்றுவிட்டதுபோல் இருப்பதற்கு, அதன் தலைவி கலாட்ரியல் விரலில் இருந்த நென்யா என்ற மோதிரம்தான் காரணம். 3019 மார்ச் 25-ல் தலைமை மோதிரம் எரிமலையில் விழுந்ததும் அந்தக் காவல் போய்விட்டது. ஜெயித்தாலும் தன் நாடு மங்கிவிடும் என்பதை அவள், தலைமை மோதிரத்தை அழிக்கச் சுமந்துபோகும் ஃப்ரோடோவிடமே சொல்கிறாள். தெரிந்தும் உதவினாள்.

கே: மாயம் குறைந்ததால்தானே மனிதர்களின் அரசான கோண்டோரும் சரிந்தது?

ப: இல்லை. படத்தோடு நிறுத்தாமல் நூலின் பின்னிணைப்பையும் படியுங்கள். 1432 முதல் 1447 வரை உள்நாட்டுப் போர், அதில் தலைநகர் ஓஸ்கிலியாத் எரிந்தது. 1636-ல் கொள்ளைநோய், அரசனும் பிள்ளைகளும் மாண்டார்கள். 2050-ல் வாரிசில்லாத அரசன் எயார்னூர் ஒரு சவாலை ஏற்று எதிரியின் கோட்டையான மினாஸ் மோர்குலுக்குப் போனான், திரும்பவில்லை. உயிரோடிருப்பவர்களின் வீடுகளைவிடக் கல்லறைகளை அழகாகக் கட்டினார்கள் என்று கோண்டோர் தளபதி ஃபராமீர் வருந்துகிறானே, அதில் மாயம் எங்கே வருகிறது?

கே: மோதிரத்தை அழிக்கக் கழுகில் ஏறி சௌரோனின் நாடான மோர்டோருக்குப் போயிருக்கலாமே?

ப: அது வேறு தலைப்பு.

கே: கோண்டோர் பற்றிக் கேட்டவன்தான். கோண்டோர் மக்களின் மூதாதையர் தீவான நூமெனோரின் முதல் அரசன் எல்ரோஸ் 500 ஆண்டு வாழ்ந்தான், அவன் வழிவந்த கோண்டோர் அரசன் அரகோர்ன் 210தான். இது மாயம் வற்றியதில்லையா?

ப: நல்ல கேள்வி. அந்த ஆயுள் வலார்கள் என்ற தெய்வ சக்திகள் கொடுத்த வரம், மோதிரங்களோடு சம்பந்தமில்லை. நூமெனோர் கடலில் மூழ்குவதற்கு வெகுகாலம் முன்பே, அரசர்கள் சாவை ஏற்க மறுத்து உயிரைப் பிடித்துத் தொங்கியபோதே அது குறையத் தொடங்கிவிட்டது.

கே: ஆயுள் குறைந்ததற்கு ரத்தக் கலப்புதான் காரணம் என்று நூலிலேயே இருக்கிறதே?

ப: அது கலகக்காரர்களின் பேச்சு. கோண்டோர் அரசன் எல்டாகாரின் தாய் நூமெனோர் ரத்தமில்லாத வடநாட்டுப் பெண் என்பதற்காகத்தானே அந்த உள்நாட்டுப் போரே மூண்டது? எல்டாகார் 235 வயது வரை வாழ்ந்தான், மூப்பும் சீக்கிரம் வரவில்லை. சாதிப் பெருமை பேசுகிறவர்கள் சொன்ன காரணத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே: மாயம் போனதால் கோண்டோர் வீழ்ந்தது என்று சொல்லலாமா?

ப: மேலே பதில் இருக்கிறது. அப்புறம் பின்னிணைப்பு.

கே: மாயம் வற்றும் வேறு கதைகள்?

ப: அமெரிக்க எழுத்தாளர் லெ குவினின் 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' நாவல், 1972. வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே ஒருவன் திறந்துவிட்ட வழியில் உலகத்தின் மாயம் வடிந்துபோகும், மந்திரவாதிகளுக்குச் சொற்கள் மறந்துபோகும். அவசியம் படியுங்கள்.

கே: எல்ஃப்கள் போன பிறகு நடந்ததை டோல்கீன் எழுதினாரா?

ப: தொடங்கினார். அரகோர்னின் மகன் ஆட்சி, எல்லாம் அமைதி. ஆனால் பையன்கள், சௌரோனின் படையில் இருந்த கொடிய இனமான ஓர்க்குகளின் வேஷம் போட்டு விளையாடுகிறார்கள், ரகசியக் கூட்டம் ஒன்று வளர்கிறது. சில பக்கங்களிலேயே கைவிட்டுவிட்டார். மகன் கிறிஸ்டஃபர் தொகுத்து 1996-ல் வந்த 'தி பீப்பிள்ஸ் ஆஃப் மிடில் எர்த்' நூலில் அது இருக்கிறது.