‘நான் தூங்கவே இல்லை’ – வண்டி, தூக்கம், வாக்குமூலம்: கேள்வி பதில்

வாகனக் காப்புறுதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். மருத்துவரோ வழக்கறிஞரோ இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

அண்ணே, விடியற்காலை தீவு விரைவுச்சாலையில் லாரி ஓரத் தடுப்பில் உரசிவிட்டது. நான் தூங்கவே இல்லை. ஆனால் கேமராவில் லாரி மெல்ல ஒதுங்கிப் போகிறது. பொய் சொல்கிறேன் என்கிறார் முதலாளி. (லாரி ஓட்டுநர், ஜூரோங், சிங்கப்பூர்)

தம்பி, நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அநேகமாகத் தூங்கியும் இருக்கிறீர்கள். சில விநாடி கண் அசந்தால் அசந்தவருக்கே அது தெரியாது. தூங்க ஆரம்பித்து ஓரிரு நிமிடத்துக்குள் எழுப்பிவிட்டால், “நான் எங்கே தூங்கினேன்?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 விநாடி என்றால் லாரி 50 மீட்டர் போயிருக்கும்.

கோப்பைத் திறந்ததும் நான் தேடுவது இவைதான்: நேரான சாலை, விடியலுக்கு முந்தைய நேரம், வண்டியில் ஒரே ஆள், கடைசிவரை எரியாத பிரேக் விளக்கு. நான்கும் சேர்ந்துவிட்டால் மற்றதை அதிகம் தேடமாட்டேன்.

“தூங்கவில்லை” என்று அடித்துச் சொல்லாதீர்கள். “தூங்கியதாக நினைவில்லை” என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. தூங்கிவிட்டேன் என்பதைச் சட்டம் சாக்காக ஏற்காது. கொட்டாவி, கண் எரிச்சல், திரும்ப வேண்டிய எக்சிட்டைத் தவறவிட்டது என்று உடம்பு முன்கூட்டியே சொல்லியிருக்கும் அல்லவா? ஆனால் முந்தின இரவு ஓவர்டைம் எத்தனை மணிக்கு முடிந்தது என்று உங்கள் முதலாளியிடமும் ஒருவர் கேட்க வேண்டும்.

இரவு டாக்ஸி ஓட்டுகிறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டைச் சத்தமாக வைத்து, காப்பி குடித்தால் போதாதா?

காற்றும் பாட்டும் சில நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். காப்பி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். அதனால் குடித்த கையோடு கார் நிறுத்துமிடத்தில் 15, 20 நிமிடம் தூங்குங்கள். எழுந்தவுடன் சாவியைத் திருப்ப வேண்டாம், முகம் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். அதிகாலை 2 முதல் 6 வரை மோசமான நேரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கவனம் தேவை. சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் தூக்கம் வரவைக்கும், மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

1997இல் வந்த ஓர் ஆய்வுப்படி, 24 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம் ரத்தத்தில் 0.10 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம். சிங்கப்பூரில் சட்ட வரம்பே 0.08தான்.

என் கணவருக்கு விபத்தில் தலையில் அடி. முதலில் “பச்சை விளக்கு” என்றார். ஒரு வாரம் கழித்து “மோட்டார்சைக்கிள் குறுக்கே வந்தது” என்கிறார். எதை நம்புவது?

முதலில் ஒன்று, அம்மா: தலையில் அடிபட்டவருக்கு வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு இருந்தால் நினைவைப் பற்றிய ஆராய்ச்சி அப்புறம், ஆம்புலன்ஸுக்கு 995தான் முதலில்.

அடிக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தது மூளையில் பதியாமலே போயிருக்கலாம். பதியாதது திரும்பவும் வராது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் பார்க்க வந்த உறவுக்காரர்கள் இருக்கிறார்களே! “மோட்டார்சைக்கிள் ஏதாவது வந்துச்சா?” என்று நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு அவரே மோட்டார்சைக்கிளோடு கதை சொல்வார். மனதார நம்பித்தான் சொல்கிறார், ஏமாற்றவில்லை.

1974இல் அமெரிக்காவில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் மாணவர்களுக்கு விபத்துப் படம் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் “மோதியபோது” என்ன வேகம் என்றும், சிலரிடம் “மோதி நொறுங்கியபோது” என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டபோது, “மோதிய” 50 பேரில் 7 பேரும் “நொறுங்கிய” 50 பேரில் 16 பேரும் ஆமாம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

அதனால் ஒரே ஒரு முறை, “என்ன நடந்துச்சு, சொல்லுங்க” என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னபடியே தேதி போட்டு எழுதி வையுங்கள். கேமரா காட்சியை அதற்குப் பிறகு காட்டுங்கள். முதலில் சொன்னதும் வேதவாக்கு இல்லை. ஆனால் பிறர் பேச்சு கலக்காதது.

எல்லாம் நினைவுக்கு வந்த பிறகு புகார் செய்யலாமா?

கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். யாருக்காவது காயம் என்றால் போலிசுக்கும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நினைவில்லாத இடத்தில் “நினைவில்லை” என்றே எழுதுங்கள். விசாரிப்பவருக்கு அது சந்தேகம் தராது. நாளுக்கொரு விவரம் கூடினால்தான் தரும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராக மலேசியாவின் ஈப்போவுக்குக் கிளம்புகிறோம். ஆறு மணி நேர ஓட்டம்தானே?

வண்டிக்கு ஆறு மணி நேரம். உங்களுக்குக் கணக்கு காலையில் கண் விழித்ததிலிருந்து தொடங்குகிறது, வுட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி. முடிந்தால் தூங்கி எழுந்து சனிக்கிழமை காலை போங்கள்.