தம்பியின் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டுக்கு இன்றே வட்டி கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். அப்பா இல்லை. வீட்டு வாடகை 9,000, அம்மாவின் மருந்தோடு வீட்டுச் செலவு 14,000, என் கல்யாணத்துக்காகப் போடும் சீட்டு 5,000. தம்பிக்கு வாங்கிய போனுக்கு மாதம் 2,300 இன்னும் 4 மாதம், அவனுடைய கேமிங் லேப்டாப்புக்கு 4,200 இன்னும் 7 மாதம் கட்ட வேண்டும். அவன் கோவையில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. லேப்டாப் சூடாகிறது, கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கடையில் 1,78,000 ரூபாய்க்கு கொட்டேஷன் வாங்கியிருக்கிறான். இப்போது ஒரு கிராபிக்ஸ் கார்டு, அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று, இரண்டையும் சேர்த்தால் வேகம் இரண்டு மடங்கு, எடிட்டிங் செய்து சம்பாதிப்பேன் என்கிறான். கிரெடிட் கார்டில் 18 மாத இஎம்ஐ, 16 சதவீத வட்டி. முதல் சில மாதங்கள் மினிமம் ட்யூ (பில்லில் கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை) மட்டும் கட்டிச் சமாளிக்கலாமா? அல்லது சீட்டைத் தள்ளி எடுக்கலாமா? 5,000 அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ‘தம்பிதானே, வாங்கிக் கொடு’ என்கிறார் அம்மா.
— வாசகி, திருப்பூர்

பதில்: சீட்டும் போட்டு, வீட்டையும் நடத்தி, ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதும் உங்களுக்குச் சேமிப்பின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

இப்போதைய செலவு எல்லாம் போக உங்களிடம் மிஞ்சுவது 7,500 ரூபாய். 1,78,000-க்கு 16 சதவீதத்தில் 18 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 11,200. போன் தவணை முடியும்வரை மாதம் 3,700 துண்டு விழும். அப்புறம் லேப்டாப் தவணை முடியும்வரை மாதம் 1,400. ஏழு மாதத்தில் மொத்தம் 19,000 ரூபாய் பற்றாக்குறை. இதைத்தான் மினிமம் ட்யூ கட்டிச் சமாளிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முடியாது. பொதுவாக அந்த மாத இஎம்ஐ முழுவதும் மினிமம் ட்யூவுக்குள்ளேயே சேர்ந்துதான் வரும், அதைத் தள்ளிப்போட வழியில்லை. நடைமுறையில் என்ன ஆகும் என்றால், இஎம்ஐயைக் கட்டிவிட்டு மளிகைக்கும் மருந்துக்கும் கார்டைத் தேய்ப்பீர்கள். அந்தப் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி, ஆண்டுக்கு 42 சதவீதம். பாக்கி நின்றுவிட்டால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. அரிசி வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். ஏழாவது மாதத்துக்குப் பிறகு மிஞ்சும் 2,800 ரூபாய் இந்தப் பாக்கியை அடைக்கவே சரியாக இருக்கும். ஆக, 18 மாதமும் உங்கள் கையில் எதுவும் நிற்காது. கம்ப்யூட்டருக்கான வட்டி 23,000-க்கு மேல். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு 4,000.

சரி, இவ்வளவு கொடுத்து வாங்கப்போவது என்ன? நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை வரி வரியாகப் பார்த்தேன். மதர்போர்டு 32,000. 1200 வாட் பவர் சப்ளை 19,000. பெரிய கேபினட் 14,000. இந்த மூன்றும் இவ்வளவு விலை ஆவதற்கு ஒரே காரணம், அடுத்த தீபாவளிக்கு வரப்போகும் இரண்டாவது கார்டு. ஒரு கார்டு போதும் என்றால் 14,000-க்கு நல்ல மதர்போர்டு, 6,500-க்கு 650 வாட் பவர் சப்ளை, 5,500-க்குக் காற்றோட்டமுள்ள கேபினட் போதும். வித்தியாசம் 39,000. வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்து 45,000. இன்னும் வராத ஒரு பொருளை உட்கார வைக்க இன்றைக்கே நாற்காலி வாங்குகிறீர்கள்.

அந்தப் பொருள் வந்தாலும் பயனில்லை என்பதுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம். இரண்டு கார்டுகளை இணைத்து கேம் ஆடும் எஸ்எல்ஐ முறையை, கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2004-ல் கொண்டு வந்தது. அன்றைக்கு அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. ஒரு கார்டு ஒரு ஃப்ரேமை, அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்றை வரையும், அடுத்ததை மற்ற கார்டு வரையும். இன்றைய கேம்கள் முந்தைய ஃப்ரேமின் தகவலை வைத்துத்தான் அடுத்ததைக் கட்டுகின்றன. அதனால் ஒரு கார்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்கும், படம் விட்டுவிட்டு இழுக்கும். நினைவகமும் அதிகமாகாது: ஒரே தகவலை இரண்டு கார்டும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும் என்பதால், 8 ஜிபி கார்டு இரண்டு போட்டாலும் கேமுக்கு அது 8 ஜிபிதான். 2021 தொடக்கத்திலிருந்து புதிய கேம்களுக்கு எஸ்எல்ஐ அமைப்பைத் தன் டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருளில்) சேர்ப்பதை என்விடியா நிறுத்திவிட்டது. 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசைதான் அந்த இணைப்புக்கு இடம் வைத்திருந்த கடைசி கேமிங் வரிசை, அதிலும் 3090 போன்ற உச்சக் கார்டுகளில் மட்டும். 2022-ல் வந்த 40 வரிசையில் அதற்கான முனையே இல்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் இதே போன்ற தன் கிராஸ்ஃபயர் முறையைக் கைவிட்டுவிட்டது. கொட்டேஷனில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் செருகினாலும் கேம் ஒன்றைத்தான் பயன்படுத்தும். அது இழுக்கும் மின்சாரம் 180 வாட். அதற்கு 1200 வாட் பவர் சப்ளை எதற்கு?

இரண்டு கார்டு பயன்படும் இடங்களும் உண்டு. பிளெண்டர் என்ற மென்பொருளில் அனிமேஷன் படங்களை உருவாக்கி எடுப்பவர்களுக்கும் (ரெண்டர்), பெரிய ஏஐ மாடலை வீட்டிலேயே ஓட்டுபவர்களுக்கும் அது உண்மையான உதவி. ஏஐ படிக்க வேண்டும் என்று தம்பி சொன்னால் கேகிள் தளத்தில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். என்விடியாவின் டி4 என்ற கார்டு இரண்டை இணையம் வழியாக ஒரே நேரத்தில், வாரத்துக்குச் சுமார் 30 மணி நேரம் இலவசமாகத் தருகிறார்கள். இரண்டாவது கார்டில் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருளை ஓட்டி ஃப்ரேம்களைக் கூட்டிக் காட்டும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன, அவனும் பார்த்திருப்பான். அது நடுவில் கற்பனை ஃப்ரேம்களைச் செருகுகிறதே தவிர கேமின் உண்மையான வேகத்தைக் கூட்டவில்லை. கை அசைவுக்கும் திரைக்கும் இடையே சிறு தாமதமும் சேரும். அதற்குப் பழைய மலிவான கார்டே போதும் என்கிறார்கள் செய்து பார்த்தவர்கள். யாரோ ஒருவரின் வீடியோவை நம்பி 32,000 ரூபாய்க்கு மதர்போர்டு வாங்க வேண்டாம்.

இனி உங்களிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும். போன், லேப்டாப், இப்போது கம்ப்யூட்டர். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான்: அவன் கேட்கிறான், அம்மா ஒரு வார்த்தை சொல்கிறார், நீங்கள் கார்டை எடுக்கிறீர்கள். முந்தைய தவணை முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுகிறது. ‘இல்லை’ என்று சொல்ல முடியாத சங்கடத்துக்குத்தான் 16 சதவீதம் கொடுக்கிறீர்கள். அப்பா இல்லாத வீட்டில் அந்த இடத்தை நிரப்ப நீங்கள் படும் பாடு கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் அப்பா இருந்திருந்தால் அவரும் ‘பொறுடா, பார்க்கலாம்’ என்று சில முறை சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டதால் அக்காவின் சம்பளம் எவ்வளவு என்பதே தம்பிக்குத் தெரியாமல் போயிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் கணக்கு நோட்டை அவன் முன்னால் வையுங்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

சீட்டைத் தொடாதீர்கள். இப்போதே தள்ளி எடுத்தால் கழிவு போக வருவது குறைவு, மீதி மாதங்களுக்கு 5,000 கட்டியே ஆக வேண்டும், உங்கள் கல்யாணத்துக்கென்று கையில் எதுவும் இருக்காது. இதில் அம்மாவே உங்கள் பக்கம் நிற்க வேண்டும். அவரிடமும் இதே கணக்கைச் சொல்லுங்கள்.

தம்பிக்கு எதுவுமே இல்லை என்று சொல்லவில்லை. போன் தவணை முடிந்த மாதத்திலிருந்து அந்த 2,300-ஐ ஒரு ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கிச் சேமிப்பில்) போடுங்கள். லேப்டாப் தவணை முடிந்ததும் இன்னொரு 2,000 சேருங்கள். இன்றிலிருந்து 18 மாதத்தில் வட்டி சேர்க்காமலே 54,000 இருக்கும். மீதியை அவன் போடட்டும். எடிட்டிங் வேலைக்கு இப்போதுள்ள லேப்டாப்பே போதும். அதில் யாருக்காவது செய்துகொடுத்து முதல் 5,000 ரூபாயை அவன் காட்டட்டும், அப்புறம் பேசலாம். சூடாகிறது என்பதற்கு மருந்து புதுக் கம்ப்யூட்டர் இல்லை. பின்மூடியைக் கழற்றினால் விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்ற சர்வீஸ் கடையில் ஆயிரம் ரூபாய்ச் செலவு.

கொடுத்த 5,000 அட்வான்ஸை இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள், ரசீதை எடுத்துப் போங்கள். பணமாகத் தர மறுத்தால் அதையே கழித்துக்கொண்டு ஒரு 24 இன்ச் மானிட்டர் தரச் சொல்லுங்கள். 9,000, 10,000-க்குள் கிடைப்பதை எடுங்கள். மீதியைக் கார்டில் போடாமல் உங்களிடம் மிஞ்சும் 7,500-லிருந்து கொடுங்கள். லேப்டாப்பில் செருகி இன்றே ஆடலாம், பின்னால் கம்ப்யூட்டர் வரும்போதும் அதே மானிட்டர்தான்.