சளிக்கு மருந்து கொடுத்த கோழிகள் படுத்துவிடுவது ஏன்?

கேள்வி: கறிக்கோழிகளுக்கு 24ஆம் நாளில் சளியும் மூச்சிரைப்பும் கண்டதால், மருந்துக் கடையில் கொடுத்த டயாமுலினைத் தண்ணீரில் கலந்து வைத்தேன். சளி குறைந்தது. ஆனால் மூன்றாம் நாள் முதல் கோழிகள் தீவனம் எடுக்காமல், கால்களைப் பின்னுக்கு நீட்டிப் படுத்துவிடுகின்றன. தினமும் சில சாகின்றன. தீவனம் கெட்டுவிட்டதா? (பண்ணையாளர், பல்லடம்)

பதில்: தீவனம் கெட்டிருக்க வேண்டியதில்லை. தீவனத்தில் உள்ள மருந்தும் தண்ணீரில் நீங்கள் கலந்த மருந்தும் சேரக்கூடாதவை என்பதே என் முதல் ஐயம். ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்தில் டன்னுக்கு 60 கிராம் அளவில் சாலினோமைசின் சேர்ப்பது வழக்கம். அந்த அளவு கோழியைத் தாக்காமல் இருப்பதற்குக் காரணம், ஈரலில் உள்ள சைட்டோகுரோம் பி450 என்னும் நொதிகள் அதை உடனுக்குடன் சிதைத்து வெளியேற்றிவிடுவதுதான். இந்த நொதியில் இரும்பு அணுவை ஒட்டி ஒரு குழிவு உண்டு. மருந்து அதில் வந்து பொருந்தினால்தான் சிதைவு நடக்கும். டயாமுலின் இந்த நொதியை இறுகப் பற்றி முடக்கிவிடுவதால், தீவனத்தில் அளவு கூடாமலேயே கோழியின் உடலில் சாலினோமைசின் நஞ்சாகும் அளவுக்குத் தேங்குகிறது. தேங்கியது தசைச் செல்களின் சவ்வு வழியே உப்பு அயனிகளைக் கடத்தி அவற்றின் சமநிலையைக் குலைக்க, கால்சியம் உள்ளே பெருகித் தசை சிதைகிறது. கால் தளர்வதும் இதயம் பழுதாவதும் இதனால்தான்.

 

டயாமுலின் தண்ணீரையும் இப்போதுள்ள தீவனத்தையும் உடனே நிறுத்தி, வெறும் தண்ணீரும், சாலினோமைசினோ அதே வகை மருந்துகளான மொனென்சின், நராசின், மதுராமைசினோ எதுவும் சேராத தீவனமும் கொடுங்கள். கம்பெனித் தீவன மூட்டையில் இப்பெயர்கள் அச்சிடப்படாமலும் இருக்கலாம் என்பதால் மேற்பார்வையாளரிடம் கேட்டே உறுதி செய்யுங்கள். தீவனம் ஒரு கையிலிருந்தும் மருந்து வேறொரு கையிலிருந்தும் வரும் பண்ணைகளில்தான் இந்தச் சிக்கல் எளிதில் நேர்கிறது. இதற்கு முறிமருந்து கிடையாது. வைட்டமின் ஈயும் செலினியமும் துணைக்கு மட்டுமே. படுத்த கோழிகளுக்கு எட்டும்படி தண்ணீரும் தீவனமும் வையுங்கள். புதிதாக இறந்த கோழிகளைக் கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். தசையில் வெளிறிய கோடுகள் தெரிந்தால் ஐயம் வலுப்படும்.

சளி திரும்பினால், மருத்துவரின் பரிந்துரைப்படி டைலோசின் கொடுக்கலாம். டயாமுலின்தான் வேண்டும் என்று அவர் சொன்னால், அதற்கு 7 நாள் முன்பிருந்து, முடிந்த பின் 7 நாள் வரை, டைக்ளாசுரில் போன்ற வேறு வகைத் தடுப்பு மருந்து கலந்த தீவனத்தையே கேட்டு வாங்குங்கள்.