பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடலில் வரும் தீவு எது? அங்கே பெண்களுக்கு என்ன கொடுமை நடந்தது?

‘தெற்கு மாகடலுக்கு நடுவினிலே, அங்கோர் கண்ணற்ற தீவினிலே’ என்று பாரதியார் பாடுவது இலங்கையையா, மொரீஷியஸையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் அல்ல, அது பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் இருக்கும் பிஜி. சில பதிப்புகளில் ‘பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்’ என்னும் குறிப்பு தலைப்போடு சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. மேடையில் பாடும்போது அந்தக் குறிப்பு விடுபட்டுப்போவதால், பாட்டு பொதுவான சோகப் பாட்டாக நம் காதில் விழுகிறது. உண்மையில், குறிப்பிட்ட ஓர் ஆட்சி முறையின் மீது அடிக்கு அடி வைக்கப்பட்ட குற்றச்சாட்டு அது. ‘பிற நாடுகள்’ என்ற பகுதியில் இத்தாலிய விடுதலை வீரர் மாஜினி, பெல்ஜியம், ருஷியா பற்றிய பாடல்களுக்கு அருகில் இது இடம்பெற்றிருப்பதையும் கவனியுங்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பிஜிக்கு 1879ஆம் ஆண்டு லியோனிடாஸ் என்ற கப்பலில் முதல் இந்தியக் கூலிகள் போய்ச் சேர்ந்தார்கள். 1916 வரை ஏறத்தாழ 60,000 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். தொடக்கத்தில் எல்லாரும் கல்கத்தா வழியாகப் போனவர்களே. 1903 முதல்தான் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. ஆள் சேர்க்கும் தரகர்களான ஆள்கட்டிகளின் பேச்சை நம்பிக் கைநாட்டு வைத்தவர்கள் ஐந்து ஆண்டுகள் தோட்டத்தை விட்டு நகர முடியாது. அந்த ஒப்பந்தத்தைக் ‘கிர்மிட்’ என்றே அவர்கள் சொன்னார்கள். கரும்புத் தொழிலின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரே சர்க்கரைக் கம்பெனியின் கையில் இருந்தது.

‘செக்கு மாடுகள் போலுழைத்தேங்கு கின்றார்’ என்ற அடிக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு இதுதான்: ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு வேலை என்று அளந்துவிடுவார்கள். அதை முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ், அதாவது முக்கால் ஷில்லிங். முடிக்காவிட்டால் கூலியில் கை வைப்பார்கள், நீதிமன்றத்துக்கும் இழுப்பார்கள். கைக்குழந்தைக்காரிக்கு அந்த அளவை முடிப்பது எத்தனை கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்டதன் மையம் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ‘கற்பு நீங்கிடச் செய்யும் கொடுமையிலே’ என்று பாரதியார் எழுதியதைக் கவிஞரின் மிகையாகப் படிக்கக் கூடாது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்க்க வேண்டும் என்பதே விதி. அப்படிச் சேர்க்கப்பட்டவர்களை லயன்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் அடைத்தார்கள். ஓர் அறை சுமார் பத்தடி நீளம், ஏழடி அகலம். அதில் ஒரு குடும்பம், அல்லது தனி ஆண்கள் மூவர். இடைச்சுவர் கூரை வரை எழும்பாததால் மறைவு என்பதே இல்லை. அதற்கு மேல், யாருக்கு எங்கே வேலை என்று தீர்மானிக்கும் அதிகாரம் வெள்ளை ஓவர்சியரிடமும் அவருக்குக் கீழிருந்த சர்தாரிடமும் இருந்தது. நம் பக்கத்துக் கங்காணியை நினைத்துக்கொண்டால் சர்தார் யார் என்பது விளங்கும். இணங்காத பெண்ணைப் பழிவாங்க இந்த ஒரு அதிகாரமே போதுமானதாக இருந்தது.

1913இல் பிஜியின் ரேவா பகுதித் தோட்டம் ஒன்றில் குந்தி என்ற பெண்ணுக்கு நேர்ந்தது அப்படிப்பட்டதுதான். மற்றவர்களிடமிருந்து பிரித்து, தொலைவான ஓரிடத்தில் தனியாகக் களையெடுக்க அவரை அனுப்பினார்கள். அங்கே ஓவர்சியர் வந்து கையைப் பற்றினார். குந்தி உதறிக்கொண்டு ஓடி ஆற்றில் குதித்தார், அருகில் படகில் இருந்த ஒரு சிறுவன் காப்பாற்றினான். அவருடைய வாக்குமூலம் கல்கத்தாவின் ‘பாரத மித்ரா’ இதழில் வெளியாகி நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ‘தனிக் காட்டினிற் பெண்கள் புழுங்கு கின்றார்’ என்ற அடியை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை. பாரதியார் இந்த ஒரு நிகழ்ச்சியை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அவர் பாடிய கொடுமையின் முகம் இதுதான்.

‘எந்த நாளினிப் போயதைக் காண்பதென்றே’ என்ற ஏக்கத்துக்கும் சட்டத்தில் காரணம் இருந்தது. ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் ஊர் திரும்பலாம், ஆனால் கப்பல் கட்டணத்தைத் தாமே கட்ட வேண்டும். இலவசப் பயணம் வேண்டுமென்றால் பத்து ஆண்டுகள் அங்கே இருந்தாக வேண்டும். பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவே இல்லை. அவர்களில் தென்னிந்தியர்கள் 1926இல் பிஜியின் நாந்தி நகரில் தொடங்கிய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகளை நடத்திவருகிறது.

‘சாகும் வழக்கத்தை இந்தக் கணத்தினில் மிஞ்ச விடலாமோ?’ என்ற கேள்வியில் வரும் சாவும் கற்பனை அன்று. 1915இல் பிஜிக்குச் சென்று விசாரித்த ஆங்கிலேயர்களான சி.எஃப். ஆண்ட்ரூஸும் பியர்சனும், அங்கிருந்த இந்தியரிடையே தற்கொலையும் கொலையும் அஞ்சத்தக்க அளவில் இருந்ததை அறிக்கையாகவே எழுதினார்கள். 1916 மார்ச்சில் மதன் மோகன் மாளவியா இந்தியாவின் மத்திய சட்டசபையில் இந்த ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். மறு ஆண்டு ஆள் சேர்ப்பு நின்றது. தோட்டங்களில் எஞ்சியிருந்தவர்களின் ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்றுதான் ரத்தாயின.