"வாரண்டி ஒரு வருஷந்தானுங்க" என்று பில்டர் சொன்னால்?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் அபார்ட்மென்ட் வாங்கிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிகிறது. ஹாலில் பீமுக்குக் கீழே நீளவாக்கில் விரிசல். கேட்டால், "ஒப்பந்தத்துல ஒரு வருஷந்தானுங்க வாரண்டி" என்கிறார் பில்டர். மாமனார் வழியில் தெரிந்தவர் வேறு. என்ன செய்யலாம்?

பதில்: ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் சரி, 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 14(3) பிரிவுதான் இங்கே பேசும். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ நீங்கள் தெரிவித்தால், 30 நாளில் தன் செலவில் பில்டர் சரிசெய்தாக வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம்.

'தெரிவித்தால்' என்பதில்தான் நம் ஊரில் சிக்கல். பில்டர் சொந்தமாகவோ பழக்கமாகவோ இருப்பார். எல்லாம் போனிலேயே முடியும். "அடுத்த வாரம் ஆளை அனுப்பறேனுங்க" என்பார், மழைக்காலமே முடிந்துவிடும். கடிதம் எழுதினால் உறவு கெட்டுவிடாது. குறைகளை அறைவாரியாக எழுதி, தேதியோடு போட்டோ இணைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதையே மெயிலிலும் வாட்ஸப்பிலும் போடுங்கள்.

அதற்கு முன் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பாத்ரூம் தண்ணீர் போகும் வாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விடுங்கள். சுவரில் ஈரம் கூடினால் தரையின் வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லை என்று சந்தேகிக்கலாம். கூடாவிட்டால் சுவருக்குள் போகும் பைப், வெளிச்சுவர் என்று தேட வேண்டும். மூலத்தைப் பார்க்காமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஐப்பசி மழைக்கு மறுபடி உரியும். "எல்லா வேலையும் திருப்தியாக முடிந்தது" என்ற தாளிலும் கையெழுத்து வேண்டாம்.

பீமுக்குக் கீழே உள்ள விரிசல் பெரும்பாலும் பயப்படும் வகையல்ல. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரிந்து சுருங்காததால் சேருமிடத்தில் பிரியும். வெட்டி அடைத்து, கோழிவலை வைத்துப் பூசினால் போதும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் வேறு கதை. அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் பில்டரைச் சேராத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சூலூர், பல்லடம் பக்கம் கரிசல் மண்ணில் கட்டியவர்கள் இதில் அசட்டையாக இருக்கக் கூடாது.

30 நாளாகியும் அசைவில்லையா? அந்தச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். வீட்டுக்குக் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு. ஆனால் அங்கே 2 ஆண்டுக் காலக்கெடு, உங்களுக்கு அது நெருங்குகிறது. மொட்டைமாடி, லிஃப்ட் போன்ற பொதுக் குறைகளுக்கு அபார்ட்மென்ட் உரிமையாளர் சங்கம் மூலம் போவதே வலு.

சொந்த இடத்தில் சதுரக் கணக்கில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டியவர்களுக்கு ரெரா பொருந்தாது, நுகர்வோர் ஆணையம்தான் வழி. அவசரத்துக்கு நீங்களே பழுது பார்க்க நேர்ந்தால், உடைக்கும் முன் போட்டோ, முடிந்தபின் பில், இரண்டையும் எடுத்து வையுங்கள்.