விடிகாலையில் வாய் பிளக்கும் மீன்: கோடையில் குளம், காயல், கடல்

கேள்வி: மணக்குடிக் காயலை ஒட்டி எனக்கு 40 சென்ட் குளம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 2,500 குஞ்சு விட்டேன். இப்போது பெரியவை முக்கால் கிலோ வரை வந்திருக்கின்றன. நெஞ்சளவு இருந்த தண்ணீர் இந்த மே மாதத்தில் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு வாரமாக விடியும் நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. நேற்று 30 மீன் செத்து மிதந்தது. சாணமும் பிண்ணாக்கும் குறையில்லாமல் போடுகிறேன், தண்ணீரும் நல்ல பச்சையாக இருக்கிறது. சுண்ணாம்பு போடவா? காயல் தண்ணீரைத் திருப்பி விடவா? அதைவிடக் கொடுவா வளர்ப்பதே லாபம் என்கிறார்கள், சரியா? தம்பி மகன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறான். இந்தக் கோடையில் கடல் எப்படி இருக்கும் என்றும் சொல்லுங்கள்.

பதில்: அண்ணாச்சி, கொடுவாவைப் பிறகு பார்ப்போம். இன்று ராத்திரி குளத்தில் இருக்கிற மீனைக் காப்பாற்ற வேண்டும். இதைப் படித்ததும் பிண்ணாக்கையும் சாணத்தையும் நிறுத்திவிடுங்கள். மூன்று நாள் தீனி இல்லாமல் கிடந்தால் மீன் சாகாது. மூன்று மணி நேரம் மூச்சுக்காற்று இல்லாமல் போனால் செத்துவிடும்.

செத்த முப்பதும் பெரிய மீன்களா, சின்னவையா என்று நீங்கள் எழுதவில்லை. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் போவது பெரிய மீன்தான். உடம்பில் புண் இல்லை, செதில் கொட்டவில்லை, விடியும்போது மேலே வந்த மீன் வெயில் ஏறியதும் கீழே இறங்கிவிடுகிறது என்றால் இது நோயே இல்லை, மூச்சுத் திணறல். இன்னொரு அடையாளமும் இருக்கிறது. நாளைக்கு நாலரை மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கரையோரம் பாருங்கள். நத்தைகள் தண்ணீரை விட்டுக் கல்மேலும் புல்மேலும் ஏறி ஒட்டியிருக்கும். மீன் வாய் திறந்து மூடும் ‘பொளக், பொளக்’ சத்தம் குளம் முழுக்கக் கேட்கும். எத்தனையோ கோடைகளில் இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும்.

ஏன் விடியும் நேரத்தில் மட்டும்? உங்கள் குளத்தின் பச்சைதான் காரணம். அந்தப் பச்சை நுண்பாசி. பகலில் வெயிலை வாங்கித் தண்ணீருக்குள் ஆக்சிஜனை விடும். இருட்டியதும் அதுவும் மீனைப் போல ஆக்சிஜனை இழுக்கத் தொடங்கிவிடும். அடியில் கிடக்கிற சாணமும் தின்னாமல் விட்ட பிண்ணாக்கும் அழுகிக்கொண்டே இன்னும் கொஞ்சம் இழுக்கும். ராத்திரி முழுக்கச் செலவு மட்டும்தான், வரவு கிடையாது. கையிருப்பு காலியாகும் நேரம் விடிவதற்குச் சற்று முன்பு. கோடை அதை இன்னும் கெடுக்கிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு மூச்சுத் தேவையோ கூடுகிறது. கட்லா, ரோகு போன்ற கெண்டை மீன் நன்றாகத் தின்று வளர 5 மில்லிகிராமாவது வேண்டும், 3-க்குக் கீழே போனால் மேலே வந்து திணறும்.

தண்ணீர் பச்சையாக இருந்தால் நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அளவோடு இருந்தால் நல்லதுதான். உள்ளங்கையை விரித்து, கையை நேராகத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்குங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரியான பச்சை. மணிக்கட்டு தாண்டியதுமே கை மறைந்துவிட்டால் பாசி மிஞ்சிவிட்டது.

இன்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மோட்டாரைப் போடுங்கள். குளத்துத் தண்ணீரையே எடுத்து, ஓட்டை போட்ட பிவிசி குழாய் வழியாக உயரத்தில் இருந்து குளத்திலேயே விழ வையுங்கள். வெயில் வரும் வரை ஓடட்டும். மழைத்துளி போலச் சிதறி விழுகிற ஒவ்வொரு துளியும் காற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். போர்வெல் தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் நேராகக் குளத்துக்குள் விடாதீர்கள். நிலத்தடி நீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. கரையில் நாலு கல் அடுக்கி, மேலே தென்னை ஓலையைப் பரப்பி, அதில் விழுந்து வழிந்து வரட்டும். காயலோரப் போர் கோடையில் உப்பேறும் என்பதால் முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கரித்தால் கெண்டைக்குக் கேடில்லை. வாயில் வைக்க முடியாதபடி கரித்தால் வேண்டாம். ஆக்சிஜன் மாத்திரை ஓர் அவசர ராத்திரிக்கு உதவும், அதை நம்பிக் கோடையைக் கடத்த முடியாது.

சுண்ணாம்பை இப்போது தொடவே தொடாதீர்கள். பாசி மிஞ்சிய குளத்தில் மத்தியானம் கார அமிலநிலை (pH) 9-க்கு மேல் ஏறிவிடும். அந்தக் காரத்திலும் சூட்டிலும் தண்ணீரில் இருக்கிற அம்மோனியா விஷமாக மாறும். அதன்மேல் சுண்ணாம்பும் விழுந்தால் காரம் இன்னும் ஏறும். திணறுகிற மீனைக் கண்டு பதறி, மத்தியானத்தில் நீற்றாத சுண்ணாம்பைக் கொட்டி, மறுநாள் காலையில் குளம் முழுக்க வெள்ளையாக மீன் மிதந்ததை ஒருவர் குளத்தில் நானே பார்த்தேன். தப்பு அவருடையதல்ல, அப்படிப் போடச் சொன்ன ஆளுடையது.

அடுத்தது எண்ணிக்கை. கூட்டுமீன் வளர்ப்பில் ஹெக்டேருக்கு 10,000 குஞ்சு என்பது மேல் அளவு. உங்கள் 40 சென்டுக்கு 1,600 வரும், அதுவும் ஒன்றரை மீட்டர் ஆழம் நிற்கும்போது. நீங்கள் விட்டது 2,500, தண்ணீரோ இடுப்பளவு. எனவே அரைக் கிலோவுக்கு மேல் வந்ததையெல்லாம் பிடித்து விற்றுவிடுங்கள். கிழக்குப் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது, கடல்மீன் வரத்து குறைவு. குளத்து மீனுக்கு இப்போது நல்ல விலை. ஆனால் மீன் திணறுகிற நேரத்தில் வலை போடாதீர்கள். ஓடிக் களைத்தே செத்துவிடும். வெயில் ஏறி மீன் கீழே இறங்கியபின், எட்டரை ஒன்பது மணிக்கு இழுங்கள். மிச்சமிருப்பதற்குத் தீனி தொடங்கும்போது காலை பத்து மணிக்கு ஒரு வேளை போதும், சாயங்காலத் தீனி வேண்டாம். பச்சைச் சாணம் மழைக்காலம் வரும் வரை கிடையாது.

ஒரு நாளை மட்டும் மறக்காமல் கவனியுங்கள்: கோடை மழை பெய்யும் நாள். இடியோடு ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்ததும் ‘அப்பாடா, குளம் குளிர்ந்தது’ என்று தூங்கப் போய்விடுவோம். மேலே விழுந்த குளிர்ந்த நீர் கனமாகி அடிக்கு இறங்கும், அடியில் கிடந்த கெட்ட நீர் மேலே புரண்டு வரும். மேகம் மூடியதால் அன்று பாசியும் சரியாக ஆக்சிஜன் விட்டிருக்காது. மழை விட்ட ராத்திரிதான் மோட்டார் கட்டாயம் ஓட வேண்டிய ராத்திரி. ஜூன் தொடக்கத்தில் பேச்சிப்பாறை அணை திறந்து சானலில் தண்ணீர் வரும்போதும், கடைவரம்புக்கு வந்து சேரும் முதல் தண்ணீரை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். வழியில் உள்ள அத்தனை அழுக்கையும் அடித்துக்கொண்டு வரும். இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு, மடையில் கொசுவலை கட்டி வாங்குங்கள்.

காயல் தண்ணீர் வேண்டாம். பழையாற்றில் வரத்து வற்றி, கடலில் சேரும் பொழிமுகத்தில் மணல் அடைத்துவிட்டால் காயல் ஒரு தேங்கிய குட்டைதான். உப்பு எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று வாரத்துக்கு வாரம் மாறும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 5 கிராம் தாண்டினாலே கட்லாவும் ரோகுவும் சரியாகத் தீனி எடுக்காது. போதாததற்குக் காயலோரம் கதம்பை (தேங்காய் மட்டை) அழுக வைத்திருந்தால், கறுத்து முட்டை நாற்றம் அடிக்கிற அந்தத் தண்ணீரில் ஆக்சிஜனே இருக்காது. பக்கத்து வயல்காரரையும் நினையுங்கள். உங்கள் குளத்தில் ஏறும் உப்பு அவர் கன்னிப்பூ நெல்லில்தான் போய் நிற்கும்.

கொடுவா நல்ல மீன். நன்னீரிலும் வளரும், உப்பிலும் வளரும், விலையும் உண்டு. ஆனால் அது ஊன் தின்னி, தன் இனத்தையே தின்னும். வாரந்தோறும் பெரியது சிறியது பிரித்துவிடாவிட்டால், விட்டது ஆயிரம் என்றாலும் எடுப்பது நூறுதான். குஞ்சு சென்னை முட்டுக்காட்டில் இருந்தோ, சீர்காழிப் பக்கம் தொடுவாயில் இருந்தோ வர வேண்டும். காயல் நீரை எடுத்து வளர்ப்பதென்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிய வேண்டும். என்னைக் கேட்டால், இந்தக் குளத்துக்குக் காயல்கரைகளில் தானே வாழ்கிற கரிமீன் பொருத்தம். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கும், பாசியும் தின்னும், நம்மூர்ச் சந்தையில் மதிப்பும் உண்டு. அடுத்த பருவத்தில் கெண்டையோடு கொஞ்சம் விட்டுப் பாருங்கள். பறக்கையில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழக மையம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் உப்பளவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனித் தம்பி மகன். நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். சின்னமுட்டம் சேர்ந்த கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் சேர்ந்த மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். தடை விசைப்படகுக்கு, பாரம்பரிய வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் இல்லை. அவன் போகலாம்.

மே மாதம் நமக்கு மேற்கே, தென்கிழக்கு அரபிக்கடலின் மேல்தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். கரையோரச் சாளையும் (மத்தி) அயிலையும் (கானாங்கெளுத்தி) இந்தச் சூட்டில் மேலே நிற்காது, குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கும். பகல் முழுக்க வலையைப் போட்டு மண்ணெண்ணெயைத்தான் எரிப்பான். அந்தி சாய்ந்தும் விடியலுக்கு முன்னும் போடுகிற வலைக்கும், கடலடிப் பாறைத் திட்டை ஒட்டிப் போடுகிற தூண்டிலுக்கும்தான் மீன்பாடு. தென்மேற்குப் பருவக்காற்று அடித்து, அடித்தண்ணீர் குளிர்ச்சியோடும் சத்தோடும் மேலே வந்தபிறகு ஆனி ஆடியில் கதையே வேறு. நெத்திலி, சாளை, கணவாய் எல்லாம் அப்போதுதான்.

நான் பயப்படுவது காற்றுக்கு அல்ல, காற்றடித்தால் அவனுக்கே தெரியும். பயம் கள்ளக்கடலுக்கு. காற்றும் இல்லை, மேகமும் இல்லை, கடல் தட்டாகக் கிடக்கும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை சில நாள் பயணம் செய்து, ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் திடீரென்று எழும்பும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை இழுத்துப் போனது இதுதான். ஆழத்தில் இந்த அலை வள்ளத்தை மெல்லத் தூக்கி இறக்குவதோடு போய்விடும். கரையில் உடையும்போதுதான் கொல்லும். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, மீன்துறையும் பங்குக் கோயில் ஒலிபெருக்கியும் அதைச் சொல்கின்றன. அறிவிப்பு வந்த நாளில் வள்ளத்தைக் கரையில் இருந்து தள்ளவும் வேண்டாம், கரைக்கு ஏற்றவும் வேண்டாம். ஏற்கனவே கரையில் இருக்கும் வள்ளத்தை அலை எட்டாத மேட்டில் ஏற்றி, ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்டட்டும். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடச் சொல்லுங்கள்.

நாளை விடியலில் நத்தை ஏறியிருந்ததா, செத்தவை பெரியவையா என்று பார்த்து எழுதுங்கள். மோட்டார் ஓடியும் மூன்றாம் நாளும் மீன் வாய் பிளந்தால், அடிச்சேற்றைப் பற்றி யோசிக்க வேண்டிவரும். அதற்கு வேறு வைத்தியம்.